ஒரு தரம், ரெண்டு தரம், யோசி மருமகனே!

மருமகனே, மொதல்ல ஒரு பாராட்டு. கடமலைக்குண்டுக்கு ரயில் கொண்டாந்த மொத ஆளு நீதான். வெள்ளைக்காரன் 1928-ல மதுரையிலேருந்து போடிக்குத் தண்டவாளம் போட்டான். ஆண்டிபட்டியைத் தாண்டி நேரா தேனிக்குப் போனானே ஒழிய, வருசநாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. சண்டைக் காலத்துல அந்தத் தண்டவாளத்தையும் பேத்துக்கிட்டுப் போனான். சுதந்திரம் வந்த பொறவு மறுபடி போட்டாங்க. 2010 கடைசியில அகலப் பாதை ஆக்குறோம்னு நிறுத்துனவங்க, தேனிக்கு ரயில் விட 2022 மே மாசம் ஆச்சு, போடிக்கு 2023 ஜூன் ஆச்சு. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னெண்டு வருசத்துக்கு மேல. நீ என்னடான்னா, எங்கக்கா பருத்தி மூட்டை அடுக்குற மாடி ரூம்புல ராவோட ராவா ஒட்டுப்பலகை அடிச்சு ஜங்ஷனே வச்சுட்ட. ஒன்னைய ரயில்வே மந்திரியாக்காம விட்டது நாட்டுக்குத்தான் நட்டம். நெலத்தைக் குடுத்த எங்கக்காவுக்கு நஷ்டஈடு மட்டும் இன்னும் வரலையாம். அதுவும் சர்க்கார் வழக்கப்படி சரியாத்தான் நடக்குது.

ஒன் பொம்மை ரயில் ஆசையைக் குத்தம் சொல்ல நான் வரல. குவாலியர் மகாராசா சாப்பாட்டு மேசை மேல வெள்ளியில ரயில் ஓடவிட்டாரு. பிராந்தியும் சுருட்டும் ஏத்திக்கிட்டு விருந்தாளிங்க முன்னால அது சுத்தி வரும். ஜெய்விலாஸ் அரண்மனையில அந்த ரயில் இன்னமும் இருக்கு. புனேயில ஜோஷின்னு ஒரு மனுசன் ஆயுசு பூரா சின்ன ரயிலோடயே கெடந்து, 1998-ல அதுக்குன்னு ஒரு மியூசியமே தொறந்துட்டாரு. ஜெர்மனி ஹாம்பர்க்குல அண்ணன் தம்பி சேந்து 2001-ல தொறந்த எடத்துல பதினாறு கிலோமீட்டருக்கு மேல பொம்மைத் தண்டவாளம் ஓடுது. ராட் ஸ்டூவர்ட்டுன்னு ஒரு பாட்டுக்காரரு, கச்சேரிக்குப் போற ஊர்ல எல்லாம் ஓட்டல் ரூம்புல ஒக்காந்து பொம்மை ரயில் ஊருக்குக் கட்டடம் செஞ்சாரு. எல்லாம் பெரிய எடத்து வியாதிதான். ராசா சொல்லிச் செஞ்சாரு, ஜோஷி பொறுமையாச் சேத்தாரு, பாட்டுக்காரரு கையால கட்டுனாரு. நீ மட்டும் நடுச்சாமத்துல போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு ஏலம் கேக்குற. அங்கதான் மாமனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லத் தோணுது.

"மாமா, ஏலத்துல ஜெயிச்சுட்டேன்"னு ஓடியாந்த பாரு, என்னா சந்தோசம் மூஞ்சியில! நானும் கெடுக்க வேணாம்னு சும்மா இருந்தேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்க. ஏலத்துல ஜெயிக்கிறதுன்னா, அந்தச் சாமானுக்கு அம்புட்டு துட்டு குடுக்க இந்த ஒலகத்துல ஒன்னையத் தவிர இன்னொரு ஆளு சம்மதிக்கலைன்னு அர்த்தம். தோத்தவன் அத்தனை பேரும் ஒன்னைய விட வெவரம். இது நானாச் சொல்றதில்ல. 1971-ல அமெரிக்காவுல எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியருங்க மூணு பேரு, மெக்சிகோ வளைகுடாவுல கடலுக்கடியில எண்ணெய் இருக்குன்னு ஏலம் எடுத்த கம்பெனிகளோட கணக்கைப் பொரட்டிப் பாத்து, "இது ஜெயிச்சவனுக்குப் பிடிக்கிற சாபம்"னு எழுதிப்புட்டாங்க. எண்ணெய் எம்புட்டு இருக்கும்னு ஆளாளுக்கு ஒரு மதிப்புப் போடுவான். யாரு மதிப்பு ரொம்ப எக்குத்தப்பா மேல போச்சோ அவன் கையிலதான் ஏலம் விழும். இந்தச் சாபத்தையும் ஏலத்தோட சூத்திரத்தையும் ஆராஞ்சதுக்காக மில்க்ரோம், வில்சன்னு ரெண்டு பேருக்கு 2020-ல நோபல் பரிசே குடுத்தாங்க. பொருளாதாரம் படிக்கிற என் பேத்தி சொல்லுச்சு. ஒன் கதையச் சொல்லிருந்தா இன்னும் சீக்கிரமே குடுத்துருப்பாங்க.

சரி, ஜெயிச்சுட்ட. என்னத்த ஜெயிச்ச? ஜெர்மனி மெர்க்லின் கம்பெனி எஞ்சின். நல்ல எஞ்சின்தான். 1859-ல பொம்மை செய்ய ஆரம்பிச்ச கம்பெனி, ரயில் பொம்மைக்கு இம்புட்டு அகலம்னு அளவு வகுத்து 1891-லயே சந்தைக்குக் கொண்டாந்தவங்க. ஆனா மருமகனே, அவங்க ரயில் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற புள்ளியிலேருந்து கரண்டு எடுக்கும். அதுவும் ஏசி கரண்டு. நீ போட்டு வச்சிருக்கிற தண்டவாளம் ரெண்டு கம்பியில டிசி கரண்டு ஓடுறது. அந்த எஞ்சினோட ரெண்டு பக்கத்துச் சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு கரண்டு கடத்தும். ஒன் தண்டவாளத்துல வச்ச நிமிசமே ரெண்டு கம்பியும் கை கோத்துக்கிட்டு ஷார்ட் ஆகும். மாடி ரூம்புல பொகை வந்ததுக்கு எலி வயரைக் கடிச்சுருச்சுன்னு எங்கக்காகிட்டச் சொன்னியாமே? பாவம், எலி. அதுக்காவது கடிக்கக் கூடாத வயரு எதுன்னு தெரியும்.

வாங்குறதுக்கு முந்தி அளவைப் பாக்கணும். போன்ல பாத்தா எல்லா எஞ்சினும் ஒரே ஒசரம். ஹெச்ஓன்னா அசல்ல 87-ல ஒரு பங்கு, தண்டவாள எடைவெளி 16.5 மில்லிமீட்டர். இங்கிலாந்துக்காரன் ஓஓன்னு 76-ல ஒரு பங்கா வண்டியச் செஞ்சு, அதே 16.5 தண்டவாளத்துல ஓட்டுவான். ரெண்டையும் ஒரே ரயில்ல கோத்தீன்னா அண்ணன் சட்டையத் தம்பி போட்ட கணக்கா இருக்கும். என்னுன்னு ஒண்ணு இருக்கு, 160-ல ஒரு பங்கு, எடைவெளி 9 மில்லிமீட்டர். 1972-ல மெர்க்லின்காரன் இசட்டுன்னு 220-ல ஒரு பங்காச் செஞ்சான், 6.5 மில்லிமீட்டர்தான். அதுல ஒரு எஞ்சினை வாங்கி, ஒங்கப்பன் வெத்தலைப் பெட்டிப் பக்கம் வச்சுப்புட்டா, பாக்குன்னு நெனைச்சு வாயில போட்டுருவாரு.

இன்னொரு சங்கதி. "அசல் இந்தியன் ரயில்வே மாடல்"னு எவனாவது போட்டா ஒடனே உருகாத. நம்ம அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல வகுத்துப் பாரு, பத்தொம்போது மில்லிமீட்டருக்கு மேல வரும். 16.5-ங்கிறது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு, அதாவது ஐரோப்பா அமெரிக்கா பாதைக்குச் சரியான கணக்கு. அதனால அந்தத் தண்டவாளத்துல ஓடுற நம்ம நாட்டு ரயில் மாடல் அம்புட்டும் காலை ஒடுக்கிக்கிட்டு நிக்கிற ரயில்தான். குத்தமில்ல, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க. ஆனா "அசல், அச்சு அசல்"னு வெலை ஏத்துறவன்கிட்ட, "அண்ணே, கால் ஏன் இம்புட்டு ஒட்டி நிக்கிது?"ன்னு மெதுவாக் கேளு. பாதி வெலை அங்கேயே எறங்கும். பழைய போடி மீட்டர் கேஜ் ரயில் வேணும்னா அதுக்கு 12 மில்லிமீட்டர் பாதை. மதுரை–போடி முழுப் பாதையையும் ஹெச்ஓ அளவுல போடணும்னு ஆசை இருந்தா அதையும் சொல்லிரு. ஒரு கிலோமீட்டருக்கு மேல தண்டவாளம் வேணும். மூல வைகை ஓரமா எடம் பாக்கலாம், இப்பத்தான் தண்ணி வர்றதில்லையே.

அடுத்தது, விக்கிறவன் பாஷை. மாடு பிடிக்கப் போறவன் வாயைத் தொறந்து பல்லைப் பாக்காம பிடிக்க மாட்டான். எஞ்சினுக்குப் பல்லு அடிவயித்துல இருக்கு. சக்கரம் தேஞ்சிருக்கா, கியர்ல வெடிப்பு இருக்கா, வழுக்காம இருக்கச் சக்கரத்துல மாட்டுற ரப்பர் வளையம் காஞ்சு போச்சா, பழைய கிரீஸ் கோந்து மாதிரி ஒறைஞ்சு கெடக்கா, அம்புட்டும் தலைகீழாப் பிடிச்சு எடுத்த போட்டோவுலதான் தெரியும். விக்கிறவன் ஒன்பது போட்டோ போட்டு ஒன்பதுலயும் பெயிண்டையே காட்டுனா, அடியில என்னமோ அழுகிக் கெடக்குதுன்னு அர்த்தம். "ஓட்டிப் பாக்கல"ன்னு எழுதியிருப்பான். வீட்டுல தண்டவாளம் இருக்கு, கரண்டு இருக்கு, எஞ்சின் இருக்கு, இவன் மட்டும் ஓட்டிப் பாக்கலையாம்! ஓட்டிப் பாத்தான், ஓடல, அம்புட்டுத்தான். "டிசிசி ரெடி"ன்னு போட்டா உள்ள டிஜிட்டல் சில்லு இருக்குன்னு நெனைச்சுக்காத. சில்லு மாட்டுறதுக்குக் குழிதான் இருக்கு, சில்லை நீதான் வாங்கணும். பந்தல் போட்டாச்சு, பொண்ணு இன்னும் பாக்கலைங்கிற கதை.

பழசுல ஒசத்தியானதுன்னு போனா இன்னொரு வில்லங்கம். லிவர்ப்பூல்ல ஃபிராங்க் ஹார்ன்பி 1920-லேருந்து சாவி குடுத்து ஓடுற தகர ரயில் வித்தாரு. 1938-ல ஹார்ன்பி டப்ளோ வந்துச்சு. ரெண்டாம் சண்டைக்கு முந்துன அந்தக் காலத்து வார்ப்புச் சாமான் சிலதுல துத்தநாகக் கலவையில ஈயம் கலந்து போச்சு. வருசம் ஆக ஆக உள்ளுக்குள்ளயே வெடிச்சு, உப்பி, வளைஞ்சு, ஒரு நாள் கையில எடுத்தா உதுந்துரும். தொட்டுப் பாக்காம தெரியாது. போட்டோவுல மாப்பிள்ளை கணக்கா நிக்கும், பார்சலைப் பிரிச்சா விபூதிதான் இருக்கும். எண்ணெய் தடவியும் பொழைக்காது, ஒட்டியும் பொழைக்காது.

பெட்டிக்கு ஒரு தனி மவுசு இருக்கு, தெரியுமா? சாமான் இல்லாத வெறும் அட்டைப் பெட்டியவே தனியா ஏலம் விடுறான், வாங்குறதுக்கும் ஆளு இருக்கு. அந்தக் காலத்துல பொம்மையப் பிரிச்சு ஆசை தீர வெளையாடுன புள்ளைகளோட ரயிலுக்கு இன்னைக்கு வெலை கம்மி. பிரிக்காம பீரோவுல பூட்டி வச்சு ஏங்குன புள்ளையோட ரயிலுக்குத்தான் வெலை. இதுல ஒரு நீதி இருக்கு, ஆனா அது பெத்தவங்களுக்குச் சொல்ல வேண்டியது. ஒனக்குச் சொல்ல வேண்டியது இது: இப்பப் புதுசா அச்சடிச்ச பழைய பெட்டியும் வருது. எண்பது வருசத்துப் பெட்டியில மூலை மழுங்காம இருந்தா, பெட்டி சின்ன வயசு, பொய்தான் பெரிய வயசு.

இனி கேக்குற வெதத்துக்கு வருவோம். மாமனுக்கு ஏலம் தெரியாதுன்னு நெனைச்சுறாத. நான் போடியில ஏலக்கா கமிஷன் கடையில கணக்கெழுதிப் பழகுன கட்டை. அப்ப எல்லாம் வாயால கேக்குற ஏலம். இப்ப ஸ்பைசஸ் போர்டு நடத்துறதெல்லாம் கம்ப்யூட்டர் ஏலம். 2021-லேருந்து போடியில ஒக்காந்தே கேரளாப் பக்கத்துப் புத்தடி ஏலத்தையும் கேக்கலாம். நீ ஆன்லைன் ஏலத்தை என்னமோ ஜெர்மனியில கண்டுபிடிச்ச மாதிரி பேசுற. மலைக்காட்டு ஏலக்கா ஒனக்கு முந்தியே கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. அங்க வியாபாரி என்ன செய்றான்னு சொல்றேன். லாட்டு வந்ததும் மாதிரிக் காய் கைக்கு வரும். நெறத்தைப் பாப்பான், மில்லிமீட்டர் பாப்பான், ஒரு லிட்டருக்கு எம்புட்டு எடை நிக்கிதுன்னு பாப்பான், நகத்தால கீறி மோந்து பாப்பான். வடக்க எந்தக் கடைக்காரன் என்ன வெலைக்கு எடுப்பான்னு மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சு ஒரு நம்பரைப் போட்டுக்குவான். அந்த நம்பரு வரைக்கும் பட்டனை அமுக்குவான். தாண்டுச்சா, கையை எடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவான். எந்த வியாபாரியும் வெளிய வந்து "ஜெயிச்சுட்டேன்"னு குதிச்சு நான் பாத்ததில்ல. "எடுத்தாச்சு"ன்னு சொல்லுவான், அம்புட்டுத்தான்.

2019 ஆகஸ்ட்டுல புத்தடியில ஒரு லாட்டு கிலோ 7,000 ரூவாய்க்குப் போச்சு. மொத வருசம் வெள்ளம், அடுத்தாப்புல வறட்சி, காய் இல்ல. மறுநாளு பேப்பர்ல எல்லாம் 7,000, 7,000-னு. எல்லாக் காயும் அன்னைக்கி அந்த வெலைக்குப் போகல, சராசரி ரொம்பக் கீழதான். ஆனா டீக்கடையில பேச்சு என்னவோ 7,000-ந்தான். பேப்பரைப் பாத்துக் காயைப் பதுக்கி வச்சவனும் உண்டு, கடன் வாங்கிக் கன்னு நட்டவனும் உண்டு. ரெண்டு மூணு வருசத்துல கிலோ ஆயிரத்துக்கும் கீழ எறங்கிருச்சு. பொம்மை ரயில்லயும் இதே கூத்துதான். ஒருத்தன் ஒரு எஞ்சினுக்கு லட்சம்னு வெலை போட்டு வச்சிருப்பான். ஒன் கண்ணு அந்த லட்சத்துலயே நிக்கும். போட்ட வெலையைப் பாக்காத, வித்த வெலையைப் பாரு. நீ ஏலம் கேக்குற ஈபேயில வித்து முடிஞ்ச சாமானை மட்டும் தனியாக் காட்டச் சொன்னா காட்டும். அதுல பத்து வெலையைப் பாத்து, ஒசந்ததையும் தாந்ததையும் தூக்கிப் போட்டுட்டு, நடுவுல நிக்கிறதை எடுத்துக்க. அதுதான் சந்தை.

அந்த ஈபே எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு தெரிஞ்சா ஒனக்கே வெக்கமாப் போகும். 1995-ல பியர் ஒமிட்யார்னு ஒருத்தரு ஆரம்பிச்சாரு. மொதல்ல வித்த சாமான் ஒடைஞ்ச லேசர் விளக்கு, 14 டாலர் 83 சென்டுக்கு. "அய்யா, அது ஒடைஞ்சதுங்க, தெரியும்ல?"ன்னு வித்தவரே கேட்டாராம். வாங்குனவன், "நான் ஒடைஞ்ச லேசர் விளக்குத்தான் சேக்குறேன்"னானாம். ஆக, ஒன்னைய மாதிரி ஆளு ஒருத்தன் எங்கயாவது இருப்பான்னு நம்பித்தான் அந்தக் கம்பெனியே நிக்கிது.

நீ என்ன செய்ற? நூறு நூறா ஏத்துற. ஒருத்தன் ஒன்னைய மிஞ்சுனா, ஒன் பொண்டாட்டியப் பத்தித் தப்பாப் பேசுன மாதிரி ரோசம் வருது. ஒடனே அவனை மிஞ்சுற. அந்த ஏற்பாடு அப்படியில்ல மருமகனே. நீ குடுக்கச் சம்மதிக்கிற கடைசி வெலையை ஒரே தடவை போட்டுட்டா, கம்ப்யூட்டரே ஒனக்காகக் கேக்கும். ரெண்டாவது ஆளை மிஞ்சுறதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு மட்டும்தான் ஏத்தும். நீ 8,000 போட்டு அடுத்தவன் 5,000-ல நின்னா, 5,000-க்குக் கொஞ்சம் மேல குடுத்தாப் போதும். ரெண்டாவது ஆளோட வெலையைக் குடுக்குற இந்த மாதிரி ஏலத்துல மனசுல உள்ளதை உள்ளபடி எழுதுறவனுக்கு நட்டமில்லைன்னு விக்ரின்னு ஒரு வாத்தியாரு 1961-லயே எழுதி வச்சாரு. அவருக்கும் 1996-ல நோபல் குடுத்தாங்க. பரிசு அறிவிச்ச மூணாம் நாளு செத்துப்போனாரு, பாவம். நீ கேக்குற அழகைப் பாக்காமப் போனதுல அவருக்கு ஒரு நிம்மதி.

அப்பறம் இந்தக் கடைசி நிமிசத்துக் களவாணித்தனம். ஏலம் முடிய ரெண்டு நொடி இருக்கையில ஒருத்தன் விசுக்குன்னு வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு பொலம்புன. நம்ம ஊரு ஏலத்துல அது நடக்காது. கண்மாய் மீனாகட்டும், ரோட்டோரப் புளியமரமாகட்டும், "ஒரு தரம், ரெண்டு தரம்"னு சொல்லி, கேக்குறதுக்கு ஆள் இல்லாத பொறவுதான் மூணாவது தரம் விழும். ஈபேயில கடிகாரம்தான் முடிக்கும். அதனால அங்க கடைசி நொடியில கேக்குறவன் கெட்டிக்காரன். முன்னாடியே கேட்டா மத்தவனுக்கு ரோசம் வரும், ரோசம் வந்தா வெலை ஏறும். நீயும் அப்படியே செய். இல்லையா, கடைசி வெலையைப் போட்டுட்டு மூடிப் படுத்துரு. ரெண்டுமே புத்திசாலித்தனம். முழிச்சுக் கெடந்து நூறு நூறா ஏத்துறதுதான் கேணத்தனம். வெலையும் 5,000-னு ரவுண்டாப் போடாத, 5,137-னு போடு. ரவுண்டாப் போடுறவங்க நாலு பேரை அந்த 137 ரூவா தாண்டிரும்.

ஒன்னைய மிஞ்சுற ஆளு யாருன்னும் ஒரு கண்ணு வச்சுக்க. விக்கிறவனோட மச்சானா இருந்தாலும் இருப்பான். நம்ம ஊர்ல சிண்டிகேட் போட்டு வெலையை எறக்குவாங்க. அங்க ஆளை விட்டு வெலையை ஏத்துவான். ஒரே ஆளு அந்த ஒரே கடைக்காரன் சாமானை மட்டும் விடாமக் கேட்டு, ஒரு தடவைகூட எடுக்காமப் போறான்னா, அவன் வாங்க வந்தவனில்ல.

வெலைக்கு மேல ஒரு வெலை இருக்கே, அதை யோசிச்சியா? ஈபேக்காரன் 2004-ல பாஸீ டாட் காமை வாங்கி நம்ம நாட்டுக்கு வந்தான். இங்க இருந்த கடையை 2018 ஆகஸ்ட்டுல மூடிட்டாங்க. அதனால இப்ப எல்லாம் கப்பலேறியோ விமானமேறியோ வர்ற சாமான். 2020-ல பொம்மை எறக்குமதி வரியை 20 சதவீதத்துலேருந்து 60 ஆக்குனாங்க, 2023-ல 70. சீனாப் பொம்மைக்குக் கட்டுன வேலியில ஒன் ஜெர்மனி எஞ்சினும் தலையை விட்டுக்கிச்சு. சொந்த உபயோகத்துக்குன்னு தபால்ல வர்றதுக்கு வேற விகிதம். ஒன் எஞ்சின் எந்தக் கணக்குல விழும்னு ஏலம் கேக்குறதுக்கு முந்தி விசாரி, கேட்ட பொறவு அழாத. "அன்பளிப்புன்னு எழுதி அனுப்பச் சொல்றேன் மாமா"ங்கிற. அந்த ஓட்டையை 2019 டிசம்பர்லயே அடைச்சாச்சு. உசிரு காக்குற மருந்துக்கும் ராக்கிக் கயித்துக்கும்தான் விலக்கு. ராக்கிக் கயித்துல எஞ்சினைக் கட்டி அனுப்பச் சொல்லலாமான்னு யோசிக்கிற பாரு, மூஞ்சியே சொல்லுது! கயித்துக்கு மட்டும்தான், கூட வர்ற பரிசுக்குக் கெடையாதுன்னு அதையும் எழுதிப்புட்டான். டெல்லியில ஒன்னைய விடக் கெட்டிக்காரன் இருக்கான்.

அமெரிக்கா லயனல் ரயில்ல கண்ணு வச்சிருக்கியாமே. அதுவும் வேடிக்கையான கம்பெனிதான். 1900-ல நியூயார்க்குல ஆரம்பிச்சு, கடைக் கண்ணாடிக்குள்ள ஆள் கூட்டுறதுக்காக ஒரு ரயிலைச் சுத்தவிட்டான். வந்த சனம் கடைச் சாமானை விட்டுட்டு ரயிலைக் கேட்டுச்சு. அப்பவே ஒன் சொந்தக்காரங்க அங்கயும் இருந்துருக்காங்க. வாங்குனா வாங்கு, ஆனா கூட வர்ற டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டு. நம்ம பிளக்குல 230. நேராச் சொருகுனீன்னா இந்தத் தடவை எலி மேல பழி போட முடியாது, எலியும் போயிரும்.

விக்கிறதுக்கு வருவோம், அதுலதான் மாமனுக்குக் கொஞ்சம் சொத்து இருக்கு. விக்கிறதுல வெக்கமில்ல. நீல் யங்னு பாட்டுக்காரரு, லயனல் கம்பெனியிலேயே பங்கு வச்சிருந்தவரு, 2017-ல தன்னோட ரயில்களை ஏலம் விட்டாரு. நம்ம ரயில்வேயே ஏலத்துல வித்துத்தான் பொழைக்குது. பழைய தண்டவாளம், பொட்டி, எஞ்சின் அம்புட்டையும் ஆன்லைன்ல ஏலம் விட்டு, 2020-21-ல 4,500 கோடி ரூவாய்க்கு மேல பாத்துட்டாங்க. ஓடித் தேஞ்ச அசல் எஞ்சினை டன் கணக்குல எடை போட்டு விக்கிறான். ஓடவே ஓடாத பொம்மை எஞ்சினைப் பெயிண்டுக்கு வெலை வச்சு விக்கிறான். இதுல எது வெளையாட்டுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

ஒன் மெர்க்லினை வித்துரு. தண்டவாளத்தை மாத்தப் போறேன்னு ஆரம்பிக்காத. எஞ்சினுக்காகத் தண்டவாளம், தண்டவாளத்துக்காகப் பெட்டி, பெட்டிக்காக ரூம்பு, கடைசியில எங்கக்கா குடியிருக்க எங்கிட்டுப் போகும்? விக்கையில நெசத்தை எழுது. "நடுப்புள்ளிக் கரண்டு எஞ்சின், ரெண்டு கம்பித் தண்டவாளத்துல ஓடாது, ஒரு தடவை ஷார்ட் ஆச்சு"ன்னு அப்படியே எழுது. மெர்க்லின் தண்டவாளம் வச்சிருக்கிறவனுக்கு அது குத்தமே இல்ல, அவனுக்கு எஞ்சின்தான் வேணும். மறைச்சு வித்தீன்னா, சாமான் திரும்பி வரும், வண்டிச் சத்தம் ஒன் தலையில விழும், பேரும் கெடும். அடிப்பக்கம் போட்டோ போடு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் முடியிற மாதிரி வையி. ஆனா யாரோட ஞாயித்துக்கெழமைன்னு பாத்து வையி. அமெரிக்காக்காரன் ஓய்வா ஒக்காந்து கேக்குற நேரம், நமக்குத் திங்கக்கெழமை வெள்ளனாப் பால் கறக்குற நேரம். ஜங்ஷன்ல எங்கயாவது ஒரு கடிகாரம் மாட்டி வச்சிருப்பியே, அதைப் பாத்துக்க.

"மதுரை–போடி பாதையில ஓடுன எஞ்சினோட மாடல்"னு கதை கட்டி வெலை ஏத்தலாமான்னும் கேட்ட. வேணாம். அதைப் படிக்கிறவன்ல ஒருத்தன் அந்தப் பாதையில கார்டு வேலை பாத்து ரிட்டயர் ஆனவனா இருப்பான். அவன் கேக்குற கேள்விக்கு ஒன்னால பதில் சொல்ல முடியாது. பக்திக்கு வெலை உண்டு. விழுப்புரம் பக்கம் ஒரு முருகன் கோயில்ல 2024 பங்குனி உத்திரத்துக்கு ஒம்போது எலுமிச்சம்பழம் ரெண்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்துக்குப் போச்சு. அது சாமிக்குக் குடுக்குற துட்டு, எடுத்தவனும் தெரிஞ்சுதான் குடுத்தான், புள்ள பொறக்கும்னு நம்பித்தான் குடுத்தான். ஒன் எஞ்சினுக்கு அந்த மாதிரி வரம் குடுக்குற யோக்கியதை கெடையாது.

கடைசியா ஒரு ஏற்பாடு சொல்றேன், இதை மட்டும் செஞ்சாப் போதும், மேல சொன்னதை எல்லாம் மறந்துரு. அடுத்து ஒரு எஞ்சின் மேல ஆசை வந்துச்சுன்னா, ஏலம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தி, பகல்ல, சோறு தின்ன பொறவு, ஒரு துண்டுச் சீட்டுல மூணு கணக்கு எழுது: எஞ்சினுக்கு எம்புட்டு, வண்டிச் சத்தம் எம்புட்டு, வரி எம்புட்டு. கூட்டிக் கீழ ஒரு கோடு போடு. அந்தச் சீட்டை ஒங்க அத்தைகிட்டக் குடுத்துரு. ராத்திரி ஒரு ரூவா கூட ஏத்தணும்னாலும், அவளை எழுப்பிக் கேட்டுட்டுத்தான் ஏத்தணும். ஒங்க அத்தையத் தூக்கத்துல எழுப்புனா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும். விக்ரி வாத்தியாரு, மில்க்ரோம், வில்சன் மூணு பேரும் சேந்து கண்டுபிடிக்காத பூட்டு அது.

எங்கக்காவுக்குப் பருத்தி மூட்டை வைக்க ரூம்புல பாதியைத் திருப்பிக் குடுத்துரு, ஜங்ஷன் கொஞ்சம் சின்னதானா ஊரு ஒண்ணும் கொறைஞ்சிறாது. மெர்க்லின் வித்த துட்டுல மொதல்ல என்கிட்ட வாங்குன கைமாத்து. அப்பறம் இம்புட்டு நேரம் பேசுனதுக்குத் தரகு. எம்புட்டுன்னு நீயே கேளு, நான் கடைசி நொடி வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன்.